நிரம்பாத தொட்டி

“வீடு கட்டி இருபது வருஷம் ஆச்சு, செப்டிக் டேங்கை ஒரு தடவைகூட எடுத்ததில்லை” என்று பெருமைப்படுகிறவர் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். கட்டிய கொத்தனாரின் கைராசி என்பார். கேட்கிறவரோ போன மாதம் தன் வீட்டு வாசலில் லாரி நின்றபோது எழுந்த நாற்றத்தை நினைத்து உள்ளுக்குள் புழுங்குவார். அந்தக் கைராசியை ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

நம்முடையதைப் போன்ற வெப்பநாட்டில் ஓர் ஆளால் ஓராண்டில் தொட்டியின் அடியில் சேரும் கசடு, நுண்ணுயிர்கள் தின்று செரித்துச் சுருக்கிய பிறகும், 30 முதல் 50 லிட்டர் வரும். நடுவாக 40 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், இருபது ஆண்டு: 3,200 லிட்டர். இனி தொட்டிக்கு வருவோம். செப்டிக் டேங்க் கட்டுவதற்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 2470. ஐந்து பேர் புழங்கும் வீட்டுக்கு, ஆண்டுக்கொருமுறை கசடு எடுப்பதானால், அது சொல்லும் அளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீராழம். கொள்ளளவு 1,125 லிட்டர். அதில் ஏறக்குறைய மூன்று தொட்டிக் கசடு எப்படி அடங்கியது?

பெருமைக்காரர் இங்கே குறுக்கிடுவார். என் தொட்டி அவ்வளவு சின்னது இல்லை, பத்துக்கு ஆறு, ஆழம் ஆறடி என்பார். உண்மைதான், நம் ஊரில் இடமிருப்பவர்கள் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஐந்தடிக்குத் தண்ணீர் நிற்கும் என்றால் 300 கன அடி, அதாவது சுமார் 8,500 லிட்டர். அதில் 3,200 லிட்டர் கசடு என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். லாரியைக் கூப்பிட வேண்டிய கட்டத்தை அவர் தாண்டிவிட்டார். அவர்கூடப் பரவாயில்லை. இப்படிப் பெருமைப்படும் பலரின் தொட்டியில் அந்தக் கசடைத் தேடினாலும் கிடைக்காது. அந்தத் தொட்டிக்கு அடியே கிடையாது.

நல்ல செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பியே இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஐந்து பேர் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் கழிவறைத் தண்ணீர் விட்டால், மேலே சொன்ன 1,125 லிட்டர்த் தொட்டி குடிபுகுந்த எட்டே நாளில் நிரம்பிவிடும். அதன் பிறகு ஒரு வாளி உள்ளே போனால் ஒரு வாளி மறுமுனை வழியாக வெளியேறும். அதற்காகவே வெளியேறும் குழாய், உள்ளே வரும் குழாயைவிடச் சற்றே, 50 மில்லிமீட்டர் அளவுக்கு, தாழ்வாக வைக்கப்படுகிறது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு “ஐயோ, தண்ணி மேல வரைக்கும் நிக்குது” என்று லாரிக்குப் போன் போடுகிறவர் ஆரோக்கியமான தொட்டியைப் பார்த்துப் பயப்படுகிறார். எட்டிப் பார்த்து “பாதிகூட இல்லை” என்று நிம்மதி அடைகிறவர்தான் கவலைப்பட வேண்டும். அவருடைய தண்ணீர் எங்கோ வழி கண்டுபிடித்திருக்கிறது.

நிரம்பிய தொட்டிக்குள் நடக்கும் முதல் வேலை வெறும் இயற்பியல். கனமானது அடியில் படியும், எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாகக் கட்டும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் டி வடிவத் துண்டைக் கீழ்நோக்கி மாட்டுவது இந்த நடு அடுக்குக்காகத்தான். வருகிற நீர் மேல் ஏட்டைக் கலைக்காமல் இறங்க வேண்டும், போகிற நீர் ஏட்டுக்கும் கசடுக்கும் இடையிலிருந்து எடுபட வேண்டும். எழுபது எண்பது ரூபாய் மிச்சம் பிடிக்கவோ, மறந்துபோயோ, இந்த டி-யை விட்டுவிடும் கொத்தனார்கள் உண்டு. வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் அந்த வீட்டின் உறிஞ்சு குழி சில ஆண்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கால் அடைபடும்.

ஒரு துகள் எவ்வளவு வேகமாகப் படியும் என்பதற்கு ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் ஒரு சமன்பாடு தந்தார். விட்டம் பாதியானால் படியும் வேகம் காலாகும். பெரிய துண்டுகள் நிமிடங்களில் இறங்கிவிடும், நுண்ணிய துகள்களுக்கு மணிக்கணக்கு வேண்டும். ஆகவே தொட்டியில் நீர் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரையாவது அமைதியாக நிற்க வேண்டும் என்பது விதி. கசடு சேரச் சேர இந்த நேரம்தான் திருடுபோகிறது. குளியலறை, சமையலறைத் தண்ணீரையும் தொட்டியில் விடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நகர வீட்டுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்பது அரசுக் கணக்கு, ஐந்து பேருக்கு 675. நம் 1,125 லிட்டர்த் தொட்டியில் அது 40 மணி நேரம் தங்கும். பாதித் தொட்டியைக் கசடு பிடித்துக்கொண்டால் 20 மணி நேரம்தான். கசடு இன்னும் ஏறினால் மலம் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறுகிறது, தொட்டி நடுவில் ஒரு சம்பிரதாயத்துக்கு இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இது தெரியாது. பேசினில் தண்ணீர் இறங்குகிறது, நாற்றமில்லை, எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். செப்டிக் டேங்க் கெட்டுப்போவது உள்ளே இருப்பவருக்குத் தெரியும் முன் வெளியே இருக்கும் மண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது வேலை உயிரியல். காற்றில்லாத அந்த இருட்டில் ஒரு பெரும் கூட்டம் பந்தி முறையில் சாப்பிடுகிறது. முதல் வரிசை பாக்டீரியாக்கள் நொதிகளைச் சுரந்து மாவுச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் சிறு மூலக்கூறுகளாக வெட்டுகின்றன. அடுத்தவை அவற்றைப் புளிக்கவைத்து அமிலங்களாக்குகின்றன. தோசை மாவு இரவில் புளிப்பதும் இதே வகை வேதியியல்தான். அந்த அமிலங்களை இன்னொரு கூட்டம் அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றித் தருகிறது. கடைசிப் பந்தியில் உட்காருபவை மீத்தேன் ஆக்கிகள். மிச்சத்தைத் தின்று மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் காற்றில் விட்டுவிடுகின்றன. திடப்பொருள் சுருங்குவதன் ரகசியம் இது. மலத்தின் ஒரு பகுதி வாயுவாகி, காற்றுக் குழாய் வழியே மொட்டைமாடிக்கு மேலே போய்விடுகிறது.

மீத்தேன் ஆக்கிகளைப் பல காலம் பாக்டீரியாக்கள் என்றே எண்ணியிருந்தார்கள். 1977-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவற்றின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, இவை பாக்டீரியாக்களின் உறவே இல்லை, உயிர் மரத்தில் தனிப் பெருங்கிளை என்று காட்டினார்கள். ஆர்க்கியா என்ற அந்த மூன்றாம் கிளையின் முதல் சாட்சிகள் இந்த மீத்தேன் ஆக்கிகள்தாம். நம் கொல்லைப்புறத்துச் சிமெண்டுப் பலகைக்கு அடியில் அவை கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் நோஞ்சான்கள். அமிலம் ஆக்கும் பாக்டீரியாக்கள் மணிக்கணக்கில் இரட்டிப்பாகும்போது இவற்றுக்கு நாட்கள் பிடிக்கும். நடுநிலையை ஒட்டிய நீர்தான் ஒத்துவரும், புளிப்பு ஏறினால் வேலையை நிறுத்திவிடும். இவை நின்றால் அமிலம் தின்னப்படாமல் தேங்கும், புளிப்பு மேலும் ஏறும், தொட்டி நாற்றமெடுக்கும்.

கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் பற்றிய கேள்வி இங்கே வரும். வாரம் ஒருமுறை கொஞ்சம் கிளீனர் ஊற்றித் தேய்ப்பதால் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆயிரம் லிட்டரில் அது கரைந்துபோகும். பொங்கலுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆசிட் பாட்டில்களையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே மூச்சில் கொட்டுவதுதான் கெடுதல். அதுவும் இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும், நுண்ணுயிர்களுக்கு முன் கொட்டியவர் மூச்சுத் திணறுவார். இதற்கு நேரெதிராக, “மாதம் ஒரு பாக்கெட், ஆயுளுக்கும் கசடே எடுக்க வேண்டாம்” என்று கடையில் தொங்கும் நொதிப் பொடிகள். வாங்க வேண்டாம். தொட்டிக்குத் தேவையான அத்தனை நுண்ணுயிரும் நம் குடலிலிருந்து தினமும் இலவசமாக வந்துகொண்டிருக்கிறது. புதுத் தொட்டியில் ஒரு வாளி சாணிக் கரைசல் ஊற்றும் பழைய வழக்கத்தில் நியாயம் உண்டு. மாட்டின் வயிற்றில் மீத்தேன் ஆக்கிகள் ஏராளம். ஊற்றாவிட்டாலும் தொட்டி தானாகவே வேலை தொடங்கும், சற்றுத் தாமதமாக. சானிட்டரி நாப்கின், டயாபர், ஆணுறை, தலைமுடி, ஈரத் துடைப்பான் எதையும் அந்தப் பந்தியில் உட்காரும் எவரும் தொடமாட்டார்கள். சமையல் எண்ணெயும் அளவுக்கு மீறினால் தின்று தீராது, மேலே ஏடாகத் தடித்துக்கொண்டே போகும்.

கசடே எடுக்க வேண்டாம் என்ற ஆசைக்கு வயது அதிகம், அது தொட்டியுடன் கூடவே பிறந்தது. பிரான்சின் வெசூல் நகரத்தைச் சேர்ந்த மூரா என்பவர் 1860 வாக்கில் ஒரு வீட்டுக்கும் அதன் கழிவுக்குழிக்கும் இடையே காற்றுப்புகாத தொட்டி ஒன்றைக் கட்டினார். பல ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தபோது மலை மலையாகத் திடக்கழிவு இருக்கும் என்று நினைத்த இடத்தில் கலங்கல் நீர்தான் பெரும்பாலும் இருந்தது. பாதிரியாரும் அறிவியல் எழுத்தாளருமான முவான்யோவின் துணையுடன் 1881-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தானாகவே கழிவை அப்புறப்படுத்தும் கருவி என்று அது விளம்பரமானது. உள்ளே நடப்பது நுண்ணுயிர்களின் வேலை என்பது அப்போது தெளிவாகத் தெரியாது, ஆகவே எல்லாம் கரைந்துவிடுகிறது என்று நம்பினார்கள். 1890களின் நடுவில் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரத்தில் டொனால்ட் கேமரன் இதையே மேம்படுத்திக் கட்டி, செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தார். அங்கே எழுந்த வாயுவைப் பிடித்து விளக்கும் எரித்தார்கள். மூராவின் கண்ணுக்குத் தப்பியது ஒன்று உண்டு. செரிக்காத மிச்சம் எப்போதும் இருக்கும். மணல், நார், முடி, செத்த நுண்ணுயிர்களின் கூடு எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஆண்டுக்கு அந்த 40 லிட்டர்.

இனி அடியில்லாத தொட்டிக்கு வருவோம். தமிழ்நாட்டில் சாக்கடைக் குழாய் எட்டாத புறநகர்களிலும் பேரூராட்சிகளிலும் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய குழிதான். அடியில் தளம் போடுவதில்லை. இரண்டு உறைக்கு நடுவே சாந்து பூசுவதும் இல்லை. செங்கல் தொட்டி கட்டுகிறவர்களிலும் அடித்தளத்தை வேண்டுமென்றே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வீட்டுக்காரர் கேட்பதும் அதைத்தான்: “அடிக்கடி எடுக்கிற மாதிரி வேண்டாம், பாத்துப் பண்ணுங்க.” கொத்தனார் பார்த்துப் பண்ணிவிடுகிறார். மணற்பாங்கான கடலோரத்தில் அந்தக் குழி எத்தனை ஆண்டானாலும் நிரம்பாது. கரிசல் மண்ணில் நீர் இறங்காது, மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வரும்.

ஒழுங்காகக் கட்டிய தொட்டியிலிருந்து வெளியேறும் நீரும் சுத்தமானது கிடையாது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆக்சிஜனை உறிஞ்சும் அழுக்கில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் தொட்டியில் குறைகிறது. நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அப்படியே வெளியேறுகின்றன, 100 மில்லி லிட்டரில் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள் லட்சக்கணக்கில் இருக்கும். மிச்ச வேலையை மண் செய்ய வேண்டும். உறிஞ்சு குழியின் சுவரை ஒட்டிய மண்ணில் நுண்ணுயிர்கள் வழவழப்பான ஒரு படலமாக வளர்ந்து, நீரை மெதுவாக வடிகட்டுகின்றன. அதன் கீழே ஈரம் இருந்தும் நீரில் மூழ்காத மண் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருந்தால், அதன் துளைகளில் காற்று இருக்கும், கிருமிகள் அங்கே ஒட்டிக்கொண்டு சாகும். “தண்ணி பாக்குற வரைக்கும் உறையை இறக்கு” என்று தோண்டினால் அந்த ஒரு மீட்டர் மண்ணை நாமே வெட்டி எடுத்துவிடுகிறோம். மலம் நிலத்தடி நீருக்குள் நேராக இறங்குகிறது.

குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது தரக் குறியீடு. ஏறக்குறைய 60 அடி. சென்னைப் புறநகரில் மனை வாங்கியவர்கள் இந்த எண்ணை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். அரை கிரவுண்டு என்பது 1,200 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலும் 50 அடிதான். மனைக்குள்ளேயே விதியைப் பின்பற்ற இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதிலை ஒட்டி போர் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அவரும் நாமும் மதிலுக்கு அடியில் ஒருவர் கழிவை ஒருவர் குடித்துக்கொண்டு, தனித்தனியே மோட்டார் போட்டுக்கொள்கிறோம். கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம், நைட்ரேட் அப்படிப் போகாது. சிறுநீரின் நைட்ரஜன் தொட்டியில் அமோனியாவாக இருந்து, காற்றுள்ள மண்ணில் நைட்ரேட்டாக மாறி, நீரோடு எளிதாக நகரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மிகுந்தால் பால்குடிக் குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி நைட்ரேட்டின் செறிவு கூடத்தான் செய்யும்.

சரி, அடியும் சுவரும் உள்ள தொட்டியை எப்போது எடுப்பது? மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று நாட்காட்டியில் குறித்துவைப்பதே போதும், சின்னத் தொட்டியானால் இரண்டு. அளந்து பார்த்துத்தான் தீருவேன் என்பவர்கள் நீண்ட கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, வெளியேறும் குழாய் இருக்கும் பக்கம் அடிவரை இறக்கிச் சற்று வைத்திருந்து எடுத்தால், துணியில் கறுப்பாகப் படிந்த உயரம் கசடின் உயரம். நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் லாரிக்குச் சொல்லலாம். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்டு, வெளியில் நின்றபடி, முகத்தைத் திறப்புக்கு மேல் கொண்டுபோகாமல், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பீடியோ தீக்குச்சியோ பக்கத்தில் வரக்கூடாது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும்.

மெழுகுவத்தியை இறக்கி, அணையாவிட்டால் உள்ளே விஷவாயு இல்லை என்று முடிவுகட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தீச்சுடர் ஆக்சிஜன் இருக்கிறதா என்றுதான் சொல்லும். கொல்லும் வாயு ஹைட்ரஜன் சல்பைடு. மனிதரைச் சாய்க்கத் தேவையான அதன் அளவு மெழுகுவத்தியை அசைக்கவே செய்யாது. அழுகிய முட்டை நாற்றம் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும்போதே மூக்குக்குத் தெரியும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொட்டதும் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் அந்தக் கணம்தான் ஆபத்து கூடிய கணம். 700 முதல் 1,000 பங்கில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தேங்கி நிற்கும். கசடைக் கிளறும்போது அதற்குள் அடைபட்டிருந்ததும் ஒரேயடியாக வெளிவரும். முதலில் இறங்கியவர் விழுந்ததும், தூக்கப் போன இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து சாவது இப்படித்தான். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இது ஆண்டுதோறும் வரும் செய்தி. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்கள் பற்றி 1993 முதல் எடுத்த மத்திய அரசுக் கணக்குகளில் தமிழ்நாடு திரும்பத் திரும்ப முதலிடத்தில் வந்திருக்கிறது. இறப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர். இதை விபத்து என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. எந்தச் சாதியைச் சேர்ந்தவர் இறங்குவார் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றை விபத்து என்று எப்படிச் சொல்வது?

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, செப்டிக் டேங்கை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரும் எவரையும் அமர்த்தக்கூடாது என்கிறது. எவரும் என்பதில் வீட்டுக்காரரும் அடக்கம். முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. “லாரிக்காரன் அதிகம் கேக்கிறான், ரெண்டு ஆளை விட்டு அள்ளிடலாம்” என்று யாராவது யோசனை சொன்னால், அவர் சொல்வது ஒரு குற்றத்துக்கான யோசனை. லாரிக்கு 14420 என்ற உதவி எண்ணில் அழைக்கலாம்.

அதே ஹைட்ரஜன் சல்பைடு தொட்டியின் கூரையையும் தின்கிறது. தண்ணீருக்கு மேலே, ஈரம் கோத்த சிமெண்டில் வாழும் வேறு சில பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. சிமெண்டு பொடிந்து, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். மேலிருந்து பார்த்தால் கோலம் போட்ட தளம்போலவே கிடக்கும். இரும்பு மூடி என்றால் இன்னும் சீக்கிரம். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் துருப்பிடித்த மூடி உடைந்து மழலையர் வகுப்புக் குழந்தை ஒன்று உள்ளே விழுந்து இறந்தது. கசடு எடுக்கும் ஒவ்வொரு முறையும் பலகையின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி தெரிந்தால் புதுப் பலகை போட வேண்டும். அதற்கு மேல் காரை நிறுத்துகிறவர்கள் மறு யோசனையே செய்யக்கூடாது.

காற்றுக் குழாயின் நுனியில் வலை இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்குத் தண்ணீர்தான் தொட்டில். வலை கிழிந்த ஒரு குழாயும் விரிசல் விட்ட ஒரு பலகையும் தெருவுக்கே கொசு சப்ளை செய்யும். சான்சிபார் தீவின் மகுந்துச்சி ஊரில் 1980களின் இறுதியில் கழிவறைக் குழிகளின் நீர்ப்பரப்பில் சின்னஞ்சிறு தெர்மோகோல் மணிகளைக் கொட்டி மிதக்கவிட்டார்கள். கொசுப்புழு மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்தது, ஊரில் கொசுக்கடியும் பெருமளவு குறைந்தது. நம் வீட்டுக்கு ஒரு சாண் நைலான் வலை போதும்.

லாரி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பம்பு கசடை இழுப்பதாகச் சொல்கிறோம், உண்மையில் தள்ளுவது வளிமண்டலம். லாரித் தொட்டிக்குள் காற்றை வெளியேற்றினால் வெளிக்காற்றின் அழுத்தம் கசடைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. வெற்றிடம் முழுமையாக இருந்தாலும் நீர் 10.3 மீட்டருக்கு மேல் ஏறாது, நடைமுறையில் ஆறேழு மீட்டர்தான். இறுகிய அடிக்கசடு அவ்வளவும் ஏறாது. அதை நீர் பீய்ச்சிக் கலக்கினால்தான் வரும். பல லாரிகள் மேல் நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும், வீட்டுக்காரரும் தண்ணீர் குறைந்ததைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுவார். எடுக்க வேண்டியது அடியில் கிடப்பதுதான், அது வருகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். கொஞ்சம் கசடை விதையாக விட்டுவைக்கலாம், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியைக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலேறியிருக்கும்போது ஆயிரம் லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டியைக் காலி செய்தால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அதைச் சுற்றியுள்ள நீர் ஒரு டன் விசையில் மேலே தள்ளும். தொட்டியின் எடையோ சில பத்துக் கிலோ. மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பி, குழாய்களை முறித்துவிடும். சித்திரை, வைகாசியில் எடுத்து, உடனே பாதிக்குமேல் தண்ணீர் விட்டு வைப்பது நல்லது.

லாரி எங்கே போகிறது என்ற கேள்வியைப் பலர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காரணம் எளிது. ஐயாயிரம் லிட்டர்க் கசடை ஏரிக்கரையில் திறந்துவிட்டால், ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே ஒரே நேரத்தில் ஒதுங்கியதற்குச் சமம். தமிழ்நாடு 2014-இல் உள்ளாட்சிகளுக்கான கசடு மேலாண்மை வழிகாட்டுதலை வெளியிட்டது, பின்னர் லாரிகளுக்கு உரிமமும் கட்டாயமானது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல், நாளொன்றுக்கு சுமார் 23,000 லிட்டர்க் கசடைக் கையாளும் நிலையம் திறக்கப்பட்டது. கருங்குழி, மதுராந்தகம் லாரிகள் அங்கே கொட்டுகின்றன. நுட்பம் மிகப் பழையது. மணலும் சரளையும் பரப்பிய படுகையில் கசடு விடப்படுகிறது. நீர் கீழே வடிகிறது, மேலே வெயில் காய்ச்சுகிறது. வடிந்த நீரைத் தனியே சுத்திகரிக்கிறார்கள். காய்ந்து வெடித்த அடையைச் சுரண்டி எடுத்ததும் வயலுக்கு அனுப்பிவிட முடியாது. உருளைப்புழுவின் முட்டை ஓடு கெட்டியானது, காய்ந்த கசடில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். மேலும் சில மாதம் குவித்து வைக்க வேண்டும், அல்லது மற்றக் குப்பையோடு மக்கவைத்து உள்வெப்பத்தை ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் அது எரு. உங்கள் லாரிக்காரரிடம் உரிமம் இருக்கிறதா, எந்த நிலையத்தில் இறக்குகிறார், அங்கே தரும் சீட்டைக் காட்ட முடியுமா என்று மூன்றையும், பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.